ஃபேனைச் சுற்றி சீலிங் பூ வைக்கப் போகிறீர்களா? முதலில் கொக்கியைப் பாருங்கள்

வீட்டுக்குப் பெயின்ற் அடித்து முடித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தால் ஃபேன் தொங்குகிற இடம் மட்டும் கண்ணை உறுத்தும். கொக்கியைச் சுற்றிச் சீமெந்து பூசிய தழும்பு, வயர் இறக்க யாரோ தேவைக்கு மேல் உடைத்த ஓட்டை, பழைய மூடி விட்டுப்போன கறுப்பு வளையம். இதையெல்லாம் மறைத்து அறைக்கும் ஒரு களை கொடுப்பதற்குத்தான் வட்டமான அந்த அலங்காரப் பூ. கல்லடி, ஆரையம்பதி, கல்முனை, அக்கரைப்பற்று என்று இலங்கையின் கிழக்கில் இந்தப் பக்கம் புது வீடு கட்டுகிறவர்களும் பழைய வீட்டைத் திருத்துகிறவர்களும் இதை வைக்கிறார்கள். ஒரு நாள் வேலைதான், ஆனால் ஒழுங்காகச் செய்ய வேண்டிய வேலை.

கடைக்குப் போகும்போது பெயரில் கவனம் தேவை. ஹார்ட்வெயாரில் போய் சீலிங் ரோஸ் என்று கேட்டால் வயர் பொருத்துகிற சின்ன வெள்ளை வட்டப் பெட்டியைத்தான் எடுத்துத் தருவார்கள், அது மின்சாரச் சாமான். நமக்கு வேண்டியதை ஜிப்சம் பூ, சீலிங் பூ, சீலிங் டிசைன் என்று கடைக்குக் கடை ஒவ்வொரு விதமாகச் சொல்வார்கள், ஃபோனில் ஒரு படத்தைக் காட்டிவிடுவதே சுலபம். நான் இங்கே பூ என்றே எழுதுகிறேன்.

வேறு எதையும் சொல்வதற்கு முன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பூ எந்தப் பாரத்தையும் தாங்காது, தாங்கவும் விடக் கூடாது. ஃபேனின் முழுப் பாரமும் மேலே உள்ள கொக்கியில்தான் இருக்கிறது. பூவை ஒட்டி இடுக்கையும் அடைத்துப் பெயின்ற் அடித்துவிட்டால் அந்தக் கொக்கியை அடுத்த பத்து வருடத்துக்கு யாரும் கண்ணால் காணப் போவதில்லை. நாவற்குடாவில் அக்கா வீட்டு முன்அறை ஃபேனைக் கழற்றியபோது, தண்டையும் கொக்கியையும் இணைக்கிற போல்ட்டு நழுவாமல் இருக்க முனையில் குத்தியிருக்கும் சின்னப் பின் இருக்கிறதே, அது என் விரலில் பிஸ்கட் மாதிரி நொறுங்கி விழுந்தது. கீழே நின்று பார்த்தபோது ஃபேன் ஒரு ஆட்டமும் இல்லாமல் அழகாகத்தான் சுற்றிக்கொண்டிருந்தது. கடலுக்கும் வாவிக்கும் நடுவில் இருக்கிற நம் வீடுகளில் உப்புக்காற்று இரும்பை இப்படித்தான் தின்கிறது. அந்தப் பின்னைப் பார்க்காமல் மேலே பூவை ஒட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இன்றைக்கும் வயிற்றைக் கலக்குகிறது, ஏனென்றால் அந்த ஃபேனுக்கு நேர் கீழேதான் பிள்ளைகள் பாய் போட்டுப் படுப்பார்கள்.

சரி, பூ வாங்குவதற்கு வருவோம். மூன்று வகைதான் பெரும்பாலும் கிடைக்கும். ஜிப்சம் பூ அச்சில் வார்த்தது, பார்வைக்கு மிக அழகு, ஆனால் பாரம் அதிகம், ஈரம் பட்டால் ஊறிவிடும், கீழே விழுந்தால் உடையும். பொலியூரித்தேன் பூ கையில் எடுத்தால் மரம் போல இருக்கும், ஆனால் லேசு, ஈரத்துக்கு அசையாது, வாளால் அறுக்கலாம், ஸ்குறூ பிடிக்கும். மூன்றாவது ரெஜிபோம் பூ, விலை குறைவு, பாரமே இல்லை, ஆனால் விரல் அழுந்தினாலே பள்ளம் விழும். என்னைக் கேட்டால் ஃபேனுக்குப் பொலியூரித்தேன்தான். ஃபேன் அதிர்ந்துகொண்டே இருப்பதால் ஜிப்சம் பூவில் காலப்போக்கில் மயிரிழை வெடிப்பு வரலாம். வெறும் லைட்டுக்கு என்றால் ஜிப்சம் வைக்கலாம். ரெஜிபோம் வாங்கினால் எனாமல் பெயின்றோ தின்னர் கலந்த ஸ்பிரேயோ அதன் பக்கமே போகக் கூடாது, தின்னர் பட்ட இடம் கண் முன்னாலேயே உருகிக் குழியாகும். தண்ணீரில் கரைக்கிற இமல்ஷன் மட்டும்தான் அடிக்க வேண்டும். ஒட்டுகிற பசைக்கும் இதே கதைதான், குழாயின் மேல் ரெஜிபோமுக்கு ஏற்றது என்று போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

அளவுக்கு ஒரு எளிய கணக்கு இருக்கிறது. அறையின் நீளத்தையும் அகலத்தையும் அடியில் பெருக்கி 7 ஆல் வகுத்தால் பூவின் விட்டம் அங்குலத்தில் வரும். 10 அடிக்கு 12 அடி அறை என்றால் 120, அதை 7 ஆல் வகுக்க 17 அங்குலம். 12 அடிக்கு 14 அடி என்றால் 24 அங்குலம். இது சட்டம் இல்லை, இரண்டு அங்குலம் முன்பின் போகலாம். நம் வீடுகளில் உயரம் ஒன்பது பத்து அடிதான் இருக்கும் என்பதால் பெரியதை வாங்கி அறையை அமுக்கிவிடாதீர்கள். இதைவிட முக்கியமானது நடு ஓட்டை. ஃபேன் தண்டின் மேல் பக்கம் கவிழ்த்த கிண்ணம் போல ஒரு மூடி இருக்குமே, அதன் வாயை அளந்துகொண்டு போங்கள். பூவின் நடு ஓட்டை அந்த வாயைவிடச் சுற்றிவர அரை அங்குலமாவது சின்னதாக இருக்க வேண்டும், கொக்கியும் ரப்பரும் போல்ட்டும் உள்ளே தாராளமாக அடங்கவும் வேண்டும். ஓட்டை இல்லாத பூ என்றால் நீங்களே வட்டம் கீறி அறுத்துக்கொள்ளலாம், பொலியூரித்தேனில் நுண்பல் வாள் வெண்ணெயில் போவது போலப் போகும். மிக ஆழமான கொடி வேலைப்பாடு உள்ள பூவை நான் எடுக்க மாட்டேன். ஃபேன் கிளப்புகிற தூசி எல்லாம் அந்தக் குழிகளில்தான் தங்கும், ஒட்டறைக் கம்பும் உள்ளே போகாது.

இப்போது மேலே என்ன சீலிங் இருக்கிறது என்று பாருங்கள், மிச்ச வேலை எல்லாம் அதைப் பொறுத்ததுதான்.

கொங்கிறீற் பிளேட் என்றால் பிரச்சினை குறைவு. பசையும் பிடிக்கும், துளையிட்டுப் பிளாஸ்டிக் பிளக் அடித்து ஸ்குறூவும் போடலாம். ஆனால் சுவரில் உள்ள சுவிச்சில் இருந்து இந்தக் கொக்கி வரைக்கும் கொங்கிறீற்றுக்கு உள்ளே வயர் போகிற பைப் ஓடுகிறது என்பதை மறக்க வேண்டாம். அது எந்தத் திசையில் வருகிறது என்று ஓட்டை வழியாக டோர்ச் அடித்துப் பார்த்து அந்தக் கோட்டை விட்டு விலகித் துளையிடுங்கள், துளையின் ஆழமும் 30 மில்லிமீற்றருக்கு மேல் வேண்டாம். டிறில் அலகில் 30 மில்லிமீற்றர் அளந்து ஒரு சுற்று டேப் ஒட்டிவிட்டால் கை தானாக அங்கே நின்றுவிடும்.

ஓட்டு வீட்டில் தட்டையான சீற் அடித்த சீலிங் என்றால் கதை வேறு. அங்கே ஃபேன் சீற்றில் தொங்குவதில்லை, மேலே குறுக்கே போட்ட மரத்திலோ இரும்புப் பைப்பிலோதான் தொங்குகிறது, தண்டு சீற்றில் உள்ள ஓட்டைக்குள்ளால் இறங்கும். அந்த ஓட்டை பெரும்பாலும் பல் பல்லாக உடைந்து கிடக்கும், பூ வைத்தால் அதிகம் எடுபடுவது இங்கேதான். ஆனால் பழைய சீற் எல்லாம் அஸ்பெஸ்டாஸ் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். அதைத் துளைக்கவும் உரசவும் அறுக்கவும் வேண்டாம். அதில் இருந்து பறக்கிற நார் கண்ணுக்குத் தெரியாது, நுரையீரலுக்குள் போனால் வெளியே வராது, புற்றுநோயாக மாறி வருவதற்குப் பல பத்து வருடங்கள்கூட எடுக்கும், அதனால்தான் எல்லாரும் இதைச் சாதாரணமாக எடுக்கிறார்கள். அப்படிப்பட்ட சீற்றில் ஈரத்துணியால் மெதுவாகத் துடைத்து, லேசான ரெஜிபோம் அல்லது பொலியூரித்தேன் பூவைப் பசையால் மட்டும் ஒட்டுங்கள். துடைத்த துணியைக் கழுவாமல் பையில் கட்டி எறிந்துவிடுங்கள். ஓட்டையைப் பெரிதாக்க வேண்டிய நிலை வந்தால் உங்கள் கையால் செய்ய வேண்டாம், இந்த சீற் வேலையைப் பாதுகாப்பாகச் செய்யத் தெரிந்தவரை அழைத்துக்கொள்ளுங்கள்.

ஐ பனல் என்கிற பிளாஸ்டிக் சீலிங்கில் பூ வைக்கலாம், ஆனால் அது வெயிலுக்கு நீண்டு இரவில் சுருங்குவது. பசையை மட்டும் நம்பாமல் மேலே போகிற இரும்புச் சட்டத்தைத் தேடி அதில் இரண்டு ஸ்குறூவாவது பிடிக்க வேண்டும். ஜிப்சம் போர்ட் சீலிங்குக்கும் அப்படியே.

காலத்தையும் பாருங்கள். மாரியில், கார்த்திகை மார்கழியில் இந்த வேலையைத் தொடாதீர்கள். பிளேட் வேர்த்துக்கொண்டிருக்கும், பசை காயாது, எங்கே ஒழுகுகிறது என்பதே அப்போதுதான் தெரியவரும், ஒழுக்கு இருந்தால் முதலில் அதை அடைக்க வேண்டும். கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் நன்றாகக் காயும், ஆனால் பசை வெளிக்காற்றில் சட்டென்று தோல் கட்டிவிடும், அதனால் பசை போட்டதும் தாமதிக்காமல் ஒட்ட வேண்டும். எனக்குப் பிடித்தது மாசி, பங்குனி.

பெயின்றை மேலே ஏறி அடிக்காதீர்கள், கீழே மேசையில் வைத்து அடியுங்கள். முதல் நாளே இரண்டு கை அடித்துக் காயவிட்டால் மறுநாள் ஒட்டிய பிறகு சின்னத் திருத்தம் மட்டும்தான். நான் வெள்ளையைத் தவிர வேறு எதுவும் அடிப்பதில்லை, தங்க நிறம் தீட்டியதை நிறையப் பார்த்துவிட்டேன், நம் வெளிச்சத்தில் அது கொஞ்ச நாளில் மங்கிப் போகிறது.

இனி கரண்ட். சுவரில் உள்ள சுவிச்சை நிறுத்தினால் போதும் என்று நினைக்க வேண்டாம். சில பழைய வயரிங்கில் கரண்ட் கொண்டுவருகிற லைவ் வயருக்குப் பதிலாக, அது திரும்பிப் போகிற நியூட்ரலைச் சுவிச்சுக்குக் கொடுத்திருப்பார்கள், அப்படி இருந்தால் சுவிச் நின்றிருந்தாலும் மேலே வயரில் 230 வோல்ட் அப்படியே இருக்கும். டெஸ்டரைக் கரண்ட் உள்ள ஒரு இடத்தில் வைத்து அது வேலை செய்கிறது என்று முதலே பார்த்துவிட்டு, மெயின் சுவிச்சையே இறக்குங்கள், வீட்டில் இருக்கிற எல்லாரிடமும் சொல்லுங்கள், அதன் மேல் ஒரு கடதாசியும் ஒட்டுங்கள். பிறகு அதே டெஸ்டரால் மேலே ஒவ்வொரு வயராகத் தொட்டுப் பாருங்கள். மின்வெட்டு நேரத்தில் செய்துவிடலாம் என்று தொடங்குகிற பழக்கம் நம்மிடம் இருக்கிறது, தயவுசெய்து அதை விட்டுவிடுங்கள், கரண்ட் சொல்லிவிட்டு வருவதில்லை. வீட்டில் பட்டரியோடு இன்வேட்டர் இருந்தால் அதையும் நிறுத்த வேண்டும். வயரில் பழக்கம் இல்லாதவர் என்றால் கழற்றிப் பூட்டுகிற பகுதியை மட்டும் வயரிங் செய்கிறவரிடம் கொடுத்துவிட்டுப் பூ ஒட்டுவதை நீங்கள் செய்யலாம், அதில் ஒரு குறைவும் இல்லை.

ஃபேனைக் கழற்ற இரண்டு பேர் வேண்டும். முதலில் செட்டைகளைக் கழற்றி வைத்துவிடுங்கள். பிறகு மூடியின் ஸ்குறூவைத் தளர்த்திக் கீழே இறக்கினால் வயர் தெரியும், எந்த வயர் எதோடு போகிறது என்று ஃபோனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். பழைய வீடுகளில் சிவப்பு லைவ், கறுப்பு நியூட்ரல், பச்சை ஏர்த். புதியவற்றில் மண்ணிறம் லைவ், நீலம் நியூட்ரல், பச்சையில் மஞ்சள் கோடு ஏர்த். ஆனாலும் நிறத்தை மட்டும் நம்பாமல் படத்தை நம்புங்கள். ஒருவர் மோட்டாரைத் தாங்கிப் பிடிக்க மற்றவர் வயரைக் கழற்றிப் பின்னை இழுத்துப் போல்ட்டை எடுக்க வேண்டும். ஐந்து கிலோ என்பது தரையில் ஒன்றுமில்லை, ஏணியில் நின்று தலைக்கு மேல் பிடிக்கும்போதுதான் அதன் பாரம் தெரியும்.

இப்போது ஏணியில் ஏறி டோர்ச் அடித்துக் கொக்கியைப் பாருங்கள். கம்பித் தூரிகையால் துருவைத் தேய்த்துவிட்டு உள்ளே நல்ல இரும்பு எவ்வளவு இருக்கிறது என்று பாருங்கள். ஃபேன் தண்டு தொங்கி உரசுகிற அந்த வளைவுதான் முதலில் தேயும். அங்கே பாதி தேய்ந்திருந்தாலோ, கொக்கியைச் சுற்றிய சீமெந்து வெடித்துக் கம்பி ஆடினாலோ, பூ வேலையை நிறுத்திவிட்டு முதலில் அதைத் திருத்துங்கள். கொக்கி சரி என்றால் துரு எதிர்ப்புப் பெயின்ற் ஒரு கை அடித்துவிடுங்கள். போல்ட்டு, பின், ரப்பர் மூன்றையும் புதிதாகவே போடுங்கள், கிடைத்தால் ஸ்ரெயின்லெஸ் போல்ட்டு. ஓட்டு வீட்டில் மேலே ஏறி மரத்தையும் பார்க்க வேண்டும், கறையான் மண் ஏறியிருக்கிறதா என்று. அக்கா வீட்டில் மேலே ஏறிய ஓடாவியார் ஒரு ஆணியை எடுத்து மரத்தில் அங்கங்கே குத்திப் பார்த்துவிட்டு, "இது இன்னும் முப்பது வருஷம் கிடக்கும் மனே" என்றார். அந்தச் சொல்லைக் கேட்ட பிறகுதான் எனக்கு மனம் ஆறியது.

அடுத்தது ஒட்டுகிற இடம். உள்ளங்கையால் சீலிங்கைத் தேய்த்துப் பாருங்கள், கையில் வெள்ளை ஒட்டினால் அது சுண்ணாம்பு அல்லது உதிர்கிற பழைய பெயின்ற். அதன் மேல் ஒட்டினால் பசை சீலிங்கைப் பிடிக்காது, அந்த உதிரும் மாவைத்தான் பிடிக்கும். எங்கள் வீட்டில் நான் வைத்த முதல் பூ மூன்றாம் நாள் இரவு தொம்மென்று விழுந்தது. எடுத்துத் திருப்பிப் பார்த்தால் பசை முழுக்க வெள்ளைச் சுண்ணாம்பு ஒரு தோல் போல உரிந்து வந்திருந்தது, பசையில் ஒரு பிழையும் இல்லை. ஆகவே பூவைப் பிடித்துப் பென்சிலால் வட்டம் கீறி, அந்த வட்டத்துக்கு உள்ளே மட்டும் சுரண்டி உரசி, ஈரத்துணியால் துடைத்துக் காயவிட்டு, சீலர் ஒரு கை அடியுங்கள். அஸ்பெஸ்டாஸ் சீற்றில் இந்தச் சுரண்டலும் உரசலும் கூடவே கூடாது என்று மேலேயே சொன்னேன், திரும்பவும் சொல்கிறேன்.

ஒட்டுவதற்கு முன் பசை இல்லாமல் ஒரு முறை பிடித்துப் பாருங்கள். பூ அறையின் நடுவுக்கு அல்ல, கொக்கியின் நடுவுக்கு வர வேண்டும், இல்லாவிட்டால் மூடி ஒரு பக்கம் ஓட்டையைக் காட்டிக்கொண்டு நிற்கும். இதழ் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்பதையும் வாசலில் நின்று பார்த்து முடிவு செய்து, பூவிலும் சீலிங்கிலும் பொருந்துகிற மாதிரி ஒரு கோடு போடுங்கள். ஸ்குறூ போடுவதென்றால் வேலைப்பாட்டின் பள்ளங்களில் நான்கு இடத்தில் முதலே துளையிட்டு, அந்தத் துளை வழியாகவே சீலிங்கில் அடையாளம் வைத்துப் பிளக்கை அடித்துவிட வேண்டும். பசை போட்ட பிறகு டிறிலைத் தேடக் கூடாது.

பசை குழாயில் வருகிற கட்டுமானப் பசை, சிலிக்கன் கன்னில் போட்டு அழுத்துவது. சிலிக்கனையே போட்டு ஒட்ட வேண்டாம், அதன் மேல் பெயின்ற் நிற்காது. பூவின் பின்பக்கம் வெளி விளிம்பில் இருந்து ஒரு அங்குலம் உள்ளே தள்ளி ஒரு சுற்று, நடு ஓட்டையில் இருந்து ஒரு அங்குலம் விலகி இன்னொரு சுற்று, இரண்டுக்கும் இடையில் வளைந்து வளைந்து ஒரு கோடு. சுண்டு விரலில் பாதித் தடிப்புப் போதும். கோட்டைப் பார்த்து வைத்து, அழுத்தி, ஒரு நூல் அளவு இடமும் வலமும் திருகி விடுங்கள், அப்போதுதான் பசை பரவும். ஸ்குறூவை மாறி மாறி எதிர் எதிராக இறுக்குங்கள், அளவுக்கு மீறி இறுக்கினால் பொலியூரித்தேன் உள்ளே அமுங்கிவிடும். பசை மட்டும் என்றால் கீழே இருந்து முட்டு கொடுக்க வேண்டும். ஒரு கம்பின் நுனியில் பலகைத் துண்டு, அதன் மேல் மடித்த துவாய், கம்பின் அடியில் மரத்துண்டு வைத்து உயரத்தைச் சரிக்கட்டி ஒரு இரவு விட்டுவிடுங்கள். ஜிப்சம் பூவை ஸ்குறூ இல்லாமல் ஒருபோதும் வைக்காதீர்கள், அந்தப் பாரம் தலையில் விழுந்தால் காயம் சின்னதாக இருக்காது.

ஃபேனைக் கழற்ற முடியாத நிலை என்றால் பூவை நடுவில் இரண்டாக அறுத்துத் தண்டைச் சுற்றி இரு பக்கமும் வைத்து ஒட்டலாம், இரண்டு துண்டாகவே விற்கிற பூவும் உண்டு. இதழும் இதழும் சேர்கிற கோட்டில் அறுத்தால் பொருத்து தெரியாது. ஆனால் அப்போதும் செட்டைகளைக் கழற்றி, மெயினை நிறுத்தி, மூடியை இறக்கிக் கொக்கியைப் பார்த்த பிறகுதான்.

மறுநாள் விளிம்பு இடுக்கைப் பெயின்ற் அடிக்கக்கூடிய அக்ரிலிக் ஃபில்லரால் அடையுங்கள். கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, நனைத்த விரலால் ஒரே இழுவையில் இழுத்துவிட்டால் பூ சீலிங்கோடு சேர்ந்தே வார்த்தது போல இருக்கும். ஸ்குறூத் தலைகளுக்குப் பட்டி. இந்த அடைப்பு அழகுக்கு மட்டுமல்ல, இடுக்கு இருந்தால் பல்லி உள்ளே முட்டை வைக்கும், குளவி மண்கூடு கட்டும்.

பசை 24 மணித்தியாலம் காய்ந்த பிறகே ஃபேனைத் தூக்குங்கள். போல்ட்டு, பின், பின்னின் இரண்டு காலையும் விரித்து மடக்குதல், பிறகு படத்தைப் பார்த்து வயர், மறக்காமல் ஏர்த். மூடியைத் தூக்கும்போது பூவில் முட்ட விடாதீர்கள், இரண்டு மூன்று மில்லிமீற்றர் இடைவெளி விட்டு ஸ்குறூவை இறுக்குங்கள், முட்டினால் ஒவ்வொரு சுற்றுக்கும் கிறுகிறு என்று சத்தம் வரும், பெயின்றும் உரியும். பூவின் தடிப்புக் காரணமாக மூடி முன்பு இருந்ததைவிட ஒரு அங்குலம் கீழே நிற்கும், அது பரவாயில்லை, ஃபேன் தொங்குகிற உயரம் மாறுவதில்லை. செட்டை தரையில் இருந்து ஏழு அடிக்குக் குறையாமல் இருக்க வேண்டும் என்பதை மட்டும் அளந்துகொள்ளுங்கள். லைட்டுக்கு வைத்தவர்கள் எல்இடி பல்ப் மட்டும் போடுங்கள், பழைய குண்டு பல்ப்பின் சூட்டுக்கு ரெஜிபோமும் பொலியூரித்தேனும் தாங்காது.

மெயினைப் போட்டு முதலில் 1இல் ஐந்து நிமிடம் ஓடவிடுங்கள், பிறகு ஒவ்வொன்றாகக் கூட்டுங்கள். ஆடினால் செட்டை ஸ்குறூக்களைப் பாருங்கள், ஒவ்வொரு செட்டையின் நுனிக்கும் சீலிங்குக்கும் உள்ள தூரத்தை அளந்து பாருங்கள், ஆடுகிற ஃபேனுக்கு மேலே எந்தப் பூவும் நிலைக்காது.

மூடியைத் தூக்கி இறுக்குவதற்கு முன் ஒரு சின்ன வேலை மிச்சம் இருக்கும். மார்க்கர் பேனாவால் மூடியின் உள்பக்கத்தில் போல்ட்டும் பின்னும் மாற்றிய மாதத்தையும் வருடத்தையும் எழுதிவிடுங்கள். அக்கா வீட்டு மூடிக்குள்ளும் எழுதித்தான் வைத்திருக்கிறேன், அடுத்த முறை அதைத் திறக்கிறவர் நானாக இல்லாமலும் போகலாம்.